சுடாத கால்

மருத்துவமனையிலிருந்து நான் வீடு திரும்பியதும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டில் ஓரம் வைத்தார்கள். "எப்பிடி இருக்கறீங்க?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் கண் கீழே இறங்கி, போர்வைக்குள் இரண்டு கால் இருக்கிறதா, ஒரு கால்தானா என்று தேடியது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு தலையணையை உள்ளே வைத்து, போர்வையைக் கூடாரம் மாதிரி தூக்கி விட்டுக்கொண்டேன். ஒன்றும் புரியாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். வாயைத் திறந்து கேட்டவர் ஒருவர்கூட இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதவர்களுக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தேங்காய்க் களம் இருக்கிறது. தேங்காயை உடைத்து, வெயிலில் காயப்போட்டு, கொப்பரையாக்கி எண்ணெய் மில்லுக்குக் கொடுக்கிற தொழில். கொப்பரையை எங்கள் பக்கத்தில் பருப்பு என்போம். அந்தச் சிமெண்டுக் களத்தைப் போட்டவர் என் மாமனார். களத்தோடு சேர்த்து அவர் ஒரு சட்டமும் போட்டுவிட்டுப் போனார்: களத்தின்மேல் செருப்பு ஏறக்கூடாது. வாய்க்குப் போகிற பொருள் காய்கிற இடம், லட்சுமி இருக்கிற இடம் என்பார். லாரி டிரைவரானாலும் சரி, விலை பேச வருகிற மில்காரரானாலும் சரி, ஓரத்து வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே வரவேண்டும். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் என் வீட்டுக்காரர் அந்தச் சட்டத்தில் ஒரு நூல் தளரவில்லை.

சித்திரை வெயிலில் நடுப்பகலில் அந்தச் சிமெண்டு எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பருப்பைக் கிளறிவிட வருகிற பெண்கள் சாக்கை நனைத்துப் போட்டு அதன்மேல் நிற்பார்கள், இல்லையென்றால் குதித்துக் குதித்து ஓடுவார்கள். நான் மட்டும் நிதானமாக நடப்பேன். அவர்கள் குதிப்பதைப் பார்த்துச் சிரிப்பேன். "அக்காவுக்குக் காலு கல்லுங்க" என்பாள், எங்களிடம் வெகுநாளாக வேலை செய்கிற ராசாத்தி. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். அவரே வருகிற வியாபாரிகளிடம் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் அந்தக் களம் சுட்டது. அது எப்போது சுடாமல் நின்றது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்திருக்கலாம். தோன்றவில்லை.

போன கோடையில் ஒரு நாள் உச்சி வெயிலில் திடீரென்று மேற்கே கறுத்தது. பருப்பு நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். எல்லோரும் ஓடி ஓடிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். மழை வராமலே போய்விட்டது. சாயங்காலம் நான் காலை நீட்டி உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர்தான் பார்த்தார். வலது காலின் அடியில், சுண்டுவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம்.

"ஏம்புள்ள, சுட்டுபோட்டுதா?"

"எங்கீங்க மாமா, எனக்குத் தெரியவே இல்லீங்களே."

தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். எண்ணெய் வீட்டிலேயே கிடைக்கிற பொருள், அதனால் எதற்கும் அதுதான் எங்களுக்கு மருந்து. மறுநாளும் களத்தில் நடந்தேன். கொப்புளம் உடைந்து புண்ணானது. மருந்துக் கடையில் சொன்னேன், ஒரு அட்டை மாத்திரை கொடுத்தார்கள். அது எனக்குப் பழகிய மாத்திரை. சளி பிடித்தாலும் பல் வீங்கினாலும் அதையேதான் நானே கேட்டு வாங்குவேன், கொஞ்சம் தேவலாம் என்று ஆனதும் நிறுத்திவிடுவேன். இந்தத் தடவையும் அப்படித்தான். புண் காய்ந்த மாதிரி இருந்தது, நிறுத்தினேன். மறுபடி ஈரம் கசிந்தது, மறுபடி வாங்கினேன்.

பிறகு ஒரு நாற்றம் வந்தது. குடோனில் எலி செத்துக் கிடக்கிறது என்று நானும் ராசாத்தியும் பருப்பு மூட்டைகளைப் புரட்டிப் புரட்டித் தேடினோம். ராசாத்தி ஒரு மூலையில் தேடுவாள், நான் ஒரு மூலையில் தேடுவேன். நான் போகிற மூலையில்தான் நாற்றம் அதிகமாக இருந்தது. கடைசியில் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்த்தாள். "அக்கா" என்றாள். அன்று சாயங்காலமே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது.

உள்ளூர் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே மூடினார். "கோயமுத்தூருக்கு இப்பவே கிளம்புங்க. காலை எடுக்கோணும்னு சொன்னாலும் சொல்லுவாங்க, மனசத் தயார் பண்ணிக்குங்க" என்றார்.

காரில் எங்களோடு என் நங்கையா வந்தார். வீட்டுக்காரரின் அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல மனசு, ஆனால் வாயில் நல்ல வார்த்தை வராது. சூலூர் தாண்டுகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். "சக்கரக் காலுன்னா வெட்டறதுதான் அம்மணி. நம்ம பங்காளி ஊட்டுல பாத்தமல்ல? மொதல்ல வெரலு, அப்பறம் பாதம், அப்பறம் முட்டி. அதுக்கு ஒரேயடியா மேல எடுத்துப்போட்டா ஒரே வலியோட போயிரும்."

எனக்குப் பயமாக இருந்தது. சாவதற்கு அவ்வளவு பயமில்லை. கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அடுத்தவர்கள் என் களத்தில் பருப்புக் கிளறுவதைப் பார்க்கவேண்டி வருமே, அதற்குத்தான் பயம். களத்தில் இறங்காமல் நான் யார்? கார் ஊருக்குள் நுழையும்போது ஒன்றை முடிவு செய்துகொண்டேன். கால் கொடுக்கமாட்டேன். கேட்கிறவர்கள் என்னோடு சண்டை போட்டுத்தான் வாங்கவேண்டும்.

மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே என்னைப் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண், எனக்கு மகளாகிற வயது இருக்கும். பக்கத்து ஊர்க்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நான் எடுத்த எடுப்பில், "வெட்டறதா இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க டாக்டரம்மா, நான் ஊட்டுக்குக் கிளம்பறேன்" என்றேன்.

"இன்னும் நான் காலைப் பாக்கவே இல்லீங்களேம்மா" என்றார் அவர்.

பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு பிடியில் செருகியிருந்த நைலான் நரம்பு ஒன்றை எடுத்தார். மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி மெல்லிசாக இருந்தது. "கண்ணை மூடிக்குங்க. பாதத்துல இது படறது தெரியறப்ப எல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. உணர்ச்சி இல்லை என்று சொன்னால் காலை எடுத்துவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்சம் விட்டு "ம்" என்றேன். இன்னும் கொஞ்சம் விட்டு "ம்" என்றேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்து இன்னொரு "ம்" போட்டேன்.

"அம்மா, கண்ணத் தொறங்க" என்றார் டாக்டர். நரம்பு அவர் கையில் அப்படியே இருந்தது. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "சூடு தெரியுங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். பழக்க தோசம், அதே பெருமைக் குரல்.

"அவளுக்குச் சுடவே சுடாதுங்க டாக்டர். சித்திர வெயில்ல செருப்பில்லாம களத்துல நிப்பாளுங்க. மத்தவங்கெல்லாம் குதிப்பாங்க, இவ அசையமாட்டா."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "எத்தன வருசமாங்க?" என்றார் மெதுவாக.

என் வீட்டுக்காரர் சொல்ல வாயெடுத்தார். அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக இறங்குவதை நான் பார்த்தேன். களம், வேப்பமரத்தடிச் செருப்புகள், வியாபாரிகளிடம் சொன்ன பெருமை, எல்லாம். அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார். முப்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவிடவில்லை.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். சர்க்கரை வெகுநாள் ஏறிக் கிடந்தால் பாதத்து நரம்புகள் செத்துப்போகும். சுட்டாலும் குத்தினாலும் சேதி மேலே வராது. சேதி வராததால் நாம் அந்தப் புண்ணின் மேலேயே நடப்போம். கிருமி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க, மழுங்கிய இரும்புக் கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கையில் கல் மாதிரி தட்டியதாம். எலும்பு. பிறகு ஒரு சின்னக் கருவியைப் பாதத்தின்மேல் வைத்தார், அதிலிருந்து சர் சர் என்று சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ரத்த ஓட்டம் நல்லா இருக்குதுங்க. ரத்தம் போனாத்தான் மருந்தும் போகும். அதனால சண்ட போட்டுப் பாக்கலாம்" என்றார். சண்டை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அன்றைக்கே அறுவை அறைக்குக் கொண்டுபோய், செத்த சதையையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்தார்கள். ஆழத்திலிருந்து ஒரு துண்டு சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தக் கிருமியை வளரவிட்டு, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பார்கள். மேலே வழிகிற சீழைத் தொட்டு அனுப்பினால் போதாதாம், தோலில் சும்மா குடியிருக்கிற கிருமியும் சேர்ந்து வந்து ஆளைக் குழப்பிவிடுமாம். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை பல வகைக் கிருமிகளுக்கும் பொதுவான மருந்து ஒன்றை நரம்பு ஊசி வழியாக ஏற்றினார்கள். சர்க்கரைக்கு இன்சுலின்.

வார்டுக்கு வந்ததும் டாக்டர் ஒரு நீல மார்க்கரை எடுத்து, என் காலில் சிவப்பு முடிகிற இடத்தில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, சுற்றிலும் ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டுக்குக் கீழ செவப்பு எறங்கோணும். மேல ஏறுச்சுன்னா மருந்து தோக்குதுன்னு அர்த்தம். அப்பக் காலைப் பத்தி நாம பேசியாகோணுங்க."

அன்றிலிருந்து எனக்குச் சாமி, பூதம் எல்லாம் அந்தக் கோடுதான். கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்பேன். ஊசி ஏறும்போதும் பார்ப்பேன். "தாண்டிப் பாரு, தெரியும் சேதி" என்று அதனிடம் சத்தமாகவே சொன்னேன்.

"யாரைக்கா மெரட்டுறீங்க?" என்று அடுத்த படுக்கையிலிருந்து குரல் வந்தது. ஸ்டெல்லா என்று பெயர். வால்பாறை எஸ்டேட்டில் தேயிலை பறித்தவள். அவளுக்கும் சர்க்கரை. போன வருடமே ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது மிச்சமிருக்கிற காலில் புண், அதைக் காப்பாற்ற வந்திருக்கிறாள். அவள் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததை நான் வந்த அன்றே பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆரஞ்சுப் பழக்காரர்களை இப்போது நான் திட்டுகிறேனே, அன்று நானும் அதைத்தான் செய்தேன்.

இரண்டாம் நாள் காலையில் சிவப்பு இறங்காமல் கோட்டிலேயே நின்றது. மூன்றாம் நாள் விடியும்போது தாண்டிவிட்டது. இரண்டு விரல் அகலம் இருக்கும். காய்ச்சல் விடவே இல்லை. நான் போர்வையால் அதை மூடி வைத்தேன். மூடினால் டாக்டருக்குத் தெரியாது என்றா? தெரியவில்லை, மூடினேன். நங்கையா விலக்கிப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். மத்தியானத்துக்குள் சொந்தக்காரர்கள் வராந்தாவில் கூடிவிட்டார்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசினார்கள். உசிருதான் முக்கியம், முட்டிக்குக் கீழே எடுத்துவிடட்டும் என்று முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரிடம், "நீ கையெழுத்துப் போட்டுரு சாமி" என்றார் நங்கையா.

அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "காலு அவளோடதுக்கா. அவளைக் கேளுங்க."

ஆனால் ஒருவரும் உள்ளே வந்து கேட்கவில்லை. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "ஒத்தக் காலோட வாழறதுக்குச் செத்துப்போலாம்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது, யார் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்ன சொல்லிவிட்டேன் என்று.

ஸ்டெல்லா சிரித்தாள். "அப்ப நான் செத்து ஒரு வருசம் ஆச்சாக்கா? எஸ்டேட்டு லயத்து வீட்டுல தெனமும் சோறாக்குறது யாரு? எம் பேயா?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "காலுக்காகச் சண்ட போடுங்க. நல்லா போடுங்க. ஆனா தோத்துட்டா உங்களையும் சேத்துக் குடுத்துறாதீங்க. காலு போனா காலுதான் போச்சு."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அந்த வார்டில் நான் அழுதது அந்த ஒரு தடவைதான். அழுது முடித்ததும் போர்வையை விலக்கினேன், கோடு நன்றாகத் தெரியட்டும் என்று.

சாயங்காலம் டாக்டர் பரிசோதனை முடிவோடு வந்தார். சொந்தக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, கடையில ஒரு மாத்திரை வாங்கிப் போட்டீங்கல்ல? அதுக்கு இந்தக் கிருமி பழகிப்போச்சுங்க. இப்ப நாம ஏத்தற ஊசியும் அந்தச் சாதி மருந்துதான். அதனாலதான் அசையல."

பாதியில் நிறுத்திய ஒவ்வொரு தடவையும், மிச்சமிருந்த கிருமிக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். சளிக்கு ஒரு பாடம், பல்லுக்கு ஒரு பாடம். நன்றாகப் படித்த கிருமியாக வளர்த்துக் காலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

"சாகற மருந்து ஒண்ணு இருக்குதுங்க. சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் சிரமம் குடுக்கும், ரத்தம் எடுத்து எடுத்துப் பாக்கோணும். இப்பவே ஆரம்பிக்கறேன். உள்ள இன்னும் சீழ் சேந்திருந்தாத் தொறந்து விடறேன். அதுக்கும் செவப்பு ஏறினா, காய்ச்சல் விடலேன்னா, விஷம் ரத்தத்துல எறங்கிரும். அதுக்கப்பறம் காலுக்காகக் காத்திருக்க முடியாதுங்க."

"எவ்வளவு நேரம் காத்திருக்கலாங்க?"

"நாளைக்கு இந்நேரம் வரைக்கும்."

"கையெழுத்துப் போடற தாளை இங்கியே வெச்சிட்டுப் போங்க" என்றேன். "இன்னும் மேல ஏறுச்சுன்னா நானே போடறேன். எங்க ஊட்டுக்காரர் போடக்கூடாது, வெளிய நிக்கறவங்க போடக்கூடாது. ஏறலீன்னா, யாராச்சும் என்ற காலைப் பத்திப் பேசுனா, அவங்க காலை நான் எடுத்துப்போடுவேன்."

டாக்டர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். சிவப்பு நின்ற புது இடத்தில் இன்னொரு கோடு போட்டார். புண்ணை மறுபடி திறந்து, ஒரு மூலையில் ஒளிந்திருந்த சீழை வெளியேற்றினார்கள். புது மருந்து ஏறியது. வாயெல்லாம் இரும்புத் துரு மாதிரி கசந்தது. சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் நங்கையா கொடுத்த டீ எனக்கு டீ மாதிரியே ருசித்தது. நெற்றி வேர்த்திருந்தது. நான் காலைப் பார்க்கவில்லை. துணிச்சல் வரவில்லை. "ஸ்டெல்லா, கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லு" என்றேன். அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்து, குனிந்து, சாவகாசமாகப் பார்த்தாள்.

"நீலக் கோடு தனியா நிக்குதுக்கா. செவப்பு கீழ எறங்கிக்கிட்டிருக்கு."

சாயங்காலம் டாக்டர் வந்து மேசையிலிருந்த தாளை எடுத்து நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் சண்டை முடியவில்லை. எலும்பில் கிருமி ஏறிய இடம் அழுகிப் போயிருந்தது. சுண்டுவிரலையும் அதன் அடி எலும்பில் கொஞ்சத்தையும் எடுத்தாகவேண்டும் என்றார். நான் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சம்மதித்தேன். அந்த விரலை எடுத்த பிறகு என் நங்கையா ஆரம்பிக்கப் பார்த்தார், "மொதல்ல வெரலு, அப்பறம்…" என்று. நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் வீரமானவை இல்லை. சலிப்பானவை. நரம்பு ஊசி குத்திய இடமெல்லாம் வீங்கி அடைத்துக்கொள்ளும், நர்ஸ் புது இடம் தேடுவாள். தினமும் கட்டுப் பிரித்துக் கழுவிக் கட்டுவார்கள். மருந்தைவிடக் கஷ்டமானது ஒன்று உண்டு: அந்தக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. பாரம் பட்டால் எந்த மருந்தாலும் புண் ஆறாது. எனக்கு வலி இல்லாததால் அது மறந்துபோகும். ஒரு நாள் காலையில் யாரையும் எழுப்பாமல் நானே குளியலறைக்கு நடந்துவிட்டேன். திரும்பி வரும்போதுதான் தரையில் வரிசையாக ரத்தத் தடம் இருப்பதைப் பார்த்தேன். என் தடம்தான். நர்ஸ் வந்து கத்திய கத்தலில் வார்டே எழுந்துவிட்டது. "வலிக்கலீன்னு நடந்தீங்களா? வலிக்காததுதானுங்க உங்க வியாதியே!" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை எழுதி ஒவ்வொரு சர்க்கரைக்காரர் வீட்டுக் கதவிலும் ஒட்டவேண்டும்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: காப்பீட்டு அட்டை பாதியைத் தாங்கியது, மீதிக்கு நான் ஒரு வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். வளையல் திரும்ப வாங்கலாம். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நங்கையாவைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் நான் நன்றிகெட்டவள். வாயால் என்னைப் பத்துத் தடவை வெட்டிய அதே மனுசி, நான் இருந்த நாளெல்லாம் ஊருக்குத் திரும்பவில்லை. கட்டில் ஓரத்தில் வாளியை வைத்து, என் தலையைத் தன் கைமேல் தாங்கி, சீயக்காய் போட்டு முடியை அலசிவிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் கட்டின்மேல் தெறிக்கவில்லை. "பேசாம படு அம்மணி, கண்ணுல எரியும்" என்பதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் போன் டார்ச்சைப் பிடித்து என் இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கு விடாமல் பார்ப்பார். எனக்குத் தெரியாத சேதியை அவர் கண் எடுத்துக்கொள்ளும். இன்றுவரை ஒரு நாள் தவறவில்லை.

ஊசி முடிந்து மாத்திரையோடு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஸ்டெல்லா இரண்டு கையையும் ஆட்டினாள். அவள் காலும் ஆறிக்கொண்டிருந்தது. அந்த மாத்திரையை டாக்டர் சொன்ன கடைசி நாள் வரை விழுங்கினேன், ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. புண் மூட மாதக்கணக்கானது. கடைசியாகப் பார்த்தபோது டாக்டர், என் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த மெத்தென்ற செருப்பைக் கையில் கொடுத்தார்.

"இது இல்லாம ஒரு அடி வெக்கக்கூடாதுங்க. ஊட்டுக்குள்ளயும் சரி, எங்கயும் சரி."

"களத்துலயும்ங்களா?"

"அங்கதானுங்க முக்கியமா."

வீடு வரும்வரை நான் மனதுக்குள் என் வீட்டுக்காரரோடு போடப்போகிற சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன். அவர் அப்பா காலத்திலிருந்து வருகிற சட்டம். செருப்போடு ஏறினார் என்று ஒரு பெரிய மில்காரரையே வியாபாரம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய மனிதர் இவர். செருப்போடு களத்தில் ஏறுவேன், தடுத்தால் எங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், இந்த வயதில் போனாலும் போவேன் என்று முடிவாக இருந்தேன்.

மறுநாள் காலையில் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு களத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் எப்போதும் போலச் செருப்புகள் கிடந்தன. ராசாத்தியும் மற்றப் பெண்களும் களத்தின்மேல் வெறுங்காலோடு நின்று என்னையே பார்த்தார்கள். என் வீட்டுக்காரரைக் காணவில்லை. நான் விளிம்பில் நின்றேன். ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். இவ்வளவு வாய் பேசுகிற எனக்குக் கால் எழவில்லை. உணர்ச்சியில்லாத கால் என்பதாலா என்றால், இல்லை.

குடோனுக்குள்ளிருந்து அவர் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் கொட்டினார். புத்தம் புது ரப்பர் செருப்புகள், கனமான அடி வைத்தவை, களத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு சோடி.

"களத்துக்குன்னே தனி. இங்கியே கழுவி இங்கியே வெச்சரோணும். வெளிய போட்டுட்டுப் போகப்படாது" என்றார் எல்லோரையும் பார்த்து. பிறகு குனிந்து தனக்கு ஒரு சோடியை எடுத்து மாட்டினார். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு மட்டுமே ஏறிய களத்தில் செருப்புக் காலை வைத்தார். அந்தச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்திருக்கும், ஒரு தடவை நின்று காலைப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி என்னிடம் கையை நீட்டினார்.

"வா புள்ள."

ராசாத்தி மட்டும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் தயங்கினாள். "ஏனுங்க, பெரியய்யா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருங்க?"

அவர் சாக்கைக் கவிழ்த்து உதறினார். அடியில் தங்கியிருந்த ஒரு சோடி கீழே விழுந்தது.

"அவரு வந்தாருன்னா" என்றார், "அவருக்கும் ஒரு சோடி வாங்கியிருக்குது."